தெரிந்த பாதையும் தெரியாத முடக்கும்: மதுசாரம் சாரதிக்குள் என்ன செய்கிறது?

தீபாவளிக்கு முந்திய நாள் இரவு, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளை மலையகத்துக்கு ஏற்றிவந்த ஒரு வாடகை வேனில் நானும் இருந்தேன். கினிகத்தேனைக்குக் கீழே ஒரு தேநீர்க் கடையோரம் வண்டியை நிறுத்திய சாரதி, கடையின் பின்பக்கமாகப் போய்ப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பினார். அவர் ஏறி உட்கார்ந்ததும் சாராய வாடை வேன் முழுவதும் பரவியது. முன்னிருக்கையில் இருந்த பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "குளிருக்குக் கொஞ்சம் போட்டேங்க ஐயா, இந்த ரோட்டுல கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்" என்று பதில் வந்தது. ஹட்டனுக்குச் சற்று முன்னால், ஒரு முடக்கில் எதிரே பஸ் ஒன்று திரும்பியபோது எங்கள் வேனின் இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் கானுக்குள் இறங்கி, வண்டி மண்மேட்டில் சாய்ந்து நின்றது. இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் பள்ளம். அது மாறி அமைந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அந்தச் சாரதி பொய் சொல்லவில்லை என்றே நான் இன்றும் நம்புகிறேன். அவருக்குப் பாதை நன்றாகத் தெரிந்திருந்தது. குடித்த பிறகும் அது மறந்துவிடவில்லை. அப்படியானால் மதுசாரம் அவரிடமிருந்து எதைப் பறித்தது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை காண, வாயில் ஊற்றிய சாராயம் உடலுக்குள் போகும் வழியிலேயே நாமும் போய்ப் பார்க்க வேண்டும்.

கால் போத்தல் என்று நாம் சொல்வது 180 மில்லிலீற்றர். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சாராயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூய மதுசாரம், அதாவது எதனோல். ஆகவே ஒரு கால் போத்தலில் 60 மில்லிலீற்றர் எதனோல் இருக்கிறது. அது நீரைவிட இலேசான திரவம் என்பதால் அதன் எடை 47 கிராம் அளவில் வரும். எதனோல் செரிக்கப்படத் தேவையில்லாத மிகச் சிறிய மூலக்கூறு. அதில் ஐந்தில் ஒரு பங்கு இரைப்பையிலும் மீதி சிறுகுடலிலும் நேராகக் குருதிக்குள் இறங்கிவிடும். வெறும் வயிற்றில் குடித்தவருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அளவு உச்சத்தைத் தொடுகிறது. சாப்பிட்டிருந்தால் இரைப்பை உணவைத் தேக்கிவைப்பதால் அந்த உச்சம் தாழ்ந்தும் பிந்தியும் வரும். கடையோரம் குடித்துவிட்டு உடனே வண்டி எடுப்பவர் முதல் சில நிமிடங்கள் நன்றாகவே ஓட்டுவதற்கு இதுவே காரணம். போதை ஏறி முடியும்போது அவர் மலை ஏறிக்கொண்டிருப்பார்.

குருதியில் சேர்ந்த எதனோல் உடலில் நீர் உள்ள இடமெல்லாம் பரவுகிறது. கொழுப்பில் அவ்வளவாகச் சேர்வதில்லை. இந்த உண்மையை வைத்துச் சுவீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க் 1932இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார். இன்றும் நீதிமன்ற மருத்துவம் அதைப் பயன்படுத்துகிறது. ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 68 சதவீதமும், பெண்ணின் எடையில் ஏறத்தாழ 55 சதவீதமும் எதனோல் பரவுவதற்கான இடம் என்று அது கொள்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கு அந்த இடம் 41 கிலோ. நாம் பார்த்த 47 கிராமை அதில் பங்கிட்டால், குருதியின் ஒவ்வொரு 100 மில்லிலீற்றரிலும் சுமார் 115 மில்லிகிராம் எதனோல் இருக்கும். இலங்கையில் சாரதிகளுக்கு நெடுங்காலமாக எல்லையாகக் கொள்ளப்பட்டு வந்திருப்பது 80 மில்லிகிராம். கால் போத்தல் ஒன்றே ஒருவரை அந்த எல்லைக்கு வெளியே கொண்டுபோய்விடும். கசிப்பு குடிப்பவருக்கு இந்தக் கணக்கும் போடமுடியாது. அதன் வீரியம் காய்ச்சியவருக்கே தெரியாது.

மூளையில் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பயன்படுத்தும் பொருட்களில் 'காபா' என்பது அடக்குவது, 'குளூட்டமேற்று' என்பது தூண்டுவது. எதனோல் காபாவின் பிடியை இறுக்கி, குளூட்டமேற்றின் குரலைத் தாழ்த்துகிறது. இது மூளை முழுவதும் ஒரே அளவில் தெரிவதில்லை. பல ஆண்டுகள் செய்து செய்து படிந்துபோன வேலைகள், அதாவது கியர் மாற்றுவது, பழகிய முடக்கில் கை தானாகத் திரும்புவது போன்றவை, குறைந்த போதையில் பெரிதாகக் கெடுவதில்லை. முதலில் கெடுவது ஒரே நேரத்தில் இரண்டு விடயங்களைக் கவனிக்கும் திறனும், எதிர்பாராத ஒன்று நடக்கும்போது பழைய முடிவை நிறுத்திவிட்டுப் புதிய முடிவு எடுக்கும் திறனும்தான். அவற்றோடு, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி செய்யும் 'நான் சரியாக இருக்கிறேனா' என்ற சுயமதிப்பீடும் போய்விடுகிறது.

எங்கள் சாரதியிடம் பாதையின் நினைவு அப்படியே இருந்தது. அந்த நினைவில் இல்லாத பஸ்ஸைச் சமாளிக்க வேண்டிய பகுதிதான் இல்லாமற் போயிருந்தது. தான் குறைந்துபோயிருக்கிறோம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டிய உறுப்பும் அதே சாராயத்தில்தான் நனைந்திருந்தது. குடித்தவரிடம் "ஓட்ட முடியுமா?" என்று கேட்டு அவர் சொல்லும் பதிலை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உடலியல் காரணம் வேண்டியதில்லை.

மலைப்பாதைக்கென்றே ஒரு கூடுதல் ஆபத்து காதுக்குள் இருக்கிறது. உட்காதில் உள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்கள்தாம் நம் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மூளைக்கு அறிவிக்கின்றன. ஒவ்வொரு கால்வாயிலும் திரவம் நிரம்பியிருக்கிறது; அதன் ஒரு முனையில் 'கியூபுலா' என்ற கூழ் போன்ற ஒரு சிறு தடுப்பு இருக்கிறது. தலை திரும்பும்போது திரவம் பின்தங்கி அந்தத் தடுப்பை வளைக்க, திருப்பம் உணரப்படுகிறது. சாதாரண நிலையில் கியூபுலாவுக்கும் திரவத்துக்கும் அடர்த்தி ஒன்றே. ஆகையால் தலையைச் சாய்த்து வைத்திருப்பதால் மட்டும் அது வளையாது. குடித்ததும் குருதிக் குழாய்களுக்கு அருகில் உள்ள கியூபுலாவுக்குள் எதனோல் முதலில் புகுந்து அதை இலேசாக்கிவிடுகிறது. திரவத்துக்குள் அது சேரப் பின்னும் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் கியூபுலா தண்ணீரில் மிதக்கும் தக்கையைப் போல் மேலெழ முயல, தலை சற்றுச் சாய்ந்தாலே உலகம் சுழல்வதாக மூளை எண்ணுகிறது. கண்மணிகளும் அந்தப் பொய்ச் சுழற்சியைத் துரத்தித் துடிக்கின்றன. குடித்துவிட்டுப் படுத்தவருக்குக் கட்டில் சுற்றுவது இதனால்தான். சில மணி நேரம் கழித்து எதனோல் கியூபுலாவை விட்டு முதலில் வெளியேற, அது இப்போது திரவத்தைவிடப் பாரமாகி, சுழற்சி எதிர்த்திசையில் தோன்றும். குருதியில் எதனோல் முழுவதும் தீர்ந்த பிறகும் இந்த இரண்டாம் கட்டம் சில மணி நேரம் நீடிக்கக்கூடும். சமவெளியில் நேர்ச்சாலையில் ஓட்டுபவர் இந்தப் புலனை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. ரம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுபவரின் தலை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை இருபக்கமும் சாய்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வண்டிக்கு நடப்பது எளிய இயற்பியல். மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது மலையில் பெரிய வேகமாகத் தோன்றாது. ஆனால் அது ஒரு செக்கனுக்கு 10 மீற்றர். எதிர்பாராத ஒன்றைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கத் தெளிவான சாரதிக்கே ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் ஆகிறது. போதை அதில் அரைச் செக்கனைக் கூட்டினால், வண்டி 5 மீற்றர் கூடுதலாக ஓடிய பிறகுதான் பிரேக் பிடிக்கவே தொடங்கும். மலையின் ஒடுங்கிய பாதைகளில் முழு அகலமே பல இடங்களில் அவ்வளவுதான். பிறகு, நனைந்த தாரில் சில்லுக்குக் கிடைக்கும் உராய்வைப் புவியீர்ப்பின் பத்தில் நான்கு பங்கு என்று கொண்டால், சமதரையில் நிற்க 13 மீற்றர் போதும். 100 மீற்றருக்கு 8 மீற்றர் இறங்கும் சரிவில் அதே வண்டிக்கு 16 மீற்றர் வேண்டும். முடக்கின் கணக்கு இன்னும் கொடியது. 15 மீற்றர் ஆரமுள்ள ஒரு கொண்டையூசி வளைவை 20 கிலோமீற்றர் வேகத்தில் திரும்புவதற்குப் பத்தில் இரண்டு பங்கு உராய்வு போதும். 30 கிலோமீற்றரில் திரும்பப் பத்தில் ஐந்து பங்கு வேண்டும். நனைந்த பாதையில் இருப்பது நான்கு பங்குதான். வெறும் பத்துக் கிலோமீற்றர் வேகம்தான் திரும்பும் வண்டியைப் பள்ளத்துக்குப் போகும் வண்டியாக்குகிறது. அந்தப் பத்தை மிகுதி என்று உணர்வதற்குத் தேவைப்படுவது, போதையில் முதலில் மங்கிப்போகும் அதே மதிப்பீடு. முச்சக்கரவண்டி முன்னால் ஒற்றைச் சில்லில் நிற்பதால், அது சறுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடவும் கூடும்.

குளிருக்குக் குடிப்பது என்ற பேச்சையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மதுசாரம் தோலுக்கடியில் உள்ள குருதிக் குழாய்களை விரிக்கிறது. சூடான குருதி தோலுக்கு வருவதால் உடம்பு கதகதப்பாக இருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் உள்ளுடலின் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நுவரெலியாவின் இரவில் இது குளிரை உடலுக்குள் அழைப்பதாகும்.

உடலுக்குள் வந்த எதனோலில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் ஈரல்தான் அழிக்கிறது. அங்குள்ள ஒரு நொதியம் அதை அசற்றல்டிகைட்டாகவும், பிறகு இன்னொரு நொதியம் அதை அசற்றேற்றாகவும் மாற்றுகிறது. முதல் நொதியம் மிகக் குறைந்த அளவிலேயே முழு வேலையில் இறங்கிவிடுவதால், எதனோல் எவ்வளவு கூடினாலும் வேலையின் வேகம் கூடாது. பெரும்பாலானோருக்கு, 100 மில்லிலீற்றர் குருதியில் உள்ள எதனோல் மணிக்கு 15 மில்லிகிராம் அளவில் குறைகிறது. சாயம் போட்ட பிளேன்டியோ, தேசிக்காய்ச் சாறோ, குளிர்ந்த நீரில் குளிப்பதோ, வாந்தி எடுப்பதோ குருதியில் சேர்ந்துவிட்டதை ஒரு மில்லிகிராம்கூடக் குறைப்பதில்லை. தேயிலைநாட்டில் பிறந்த நமக்குப் பிளேன்டியின் மேல் இருக்கும் நம்பிக்கை பெரிது. ஆனால் அதில் உள்ள கஃபீன் தூக்கத்தை மட்டும் விரட்டி, போதையைப் போதையாகவே விட்டுவைக்கிறது. விழிப்போடு இருப்பதால் தெளிந்துவிட்டோம் என்று குடித்தவர் மேலும் உறுதியாக நம்புவார்.

இதை ஒரு விடியற்காலைக்குப் பொருத்திப் பாருங்கள். சம்பள நாள் இரவு ஏழு மணிக்குத் தொடங்கி அரைப் போத்தல், அதாவது 375 மில்லிலீற்றர், சாராயம் குடித்த அதே அறுபது கிலோ மனிதரின் குருதியில் 100 மில்லிலீற்றருக்குச் சேர்வது மொத்தம் 240 மில்லிகிராம். அவர் நன்றாகத் தூங்கி எழுந்து, பல் துலக்கி, காலை ஐந்து மணிக்கு வேனை எடுக்கும்போது பத்து மணி நேரம் ஆகியிருக்கும். ஈரல் 150ஐ அழித்திருக்கும். மீதி 90. அதாவது, முதல் நாள் இரவு குடித்தவர் மறுநாள் காலை சட்ட எல்லைக்கு மேலேயே நிற்கிறார். அவரைப் பார்த்து யாரும் குடித்திருக்கிறார் என்று சொல்லமாட்டார்கள். அவர் ஏற்றிப்போவது பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருக்கலாம்.

எல்லை 80 என்பதால் 79இல் பாதுகாப்பு இருப்பதாக எண்ணிவிடக்கூடாது. அமெரிக்காவின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் ரொபேர்ட் போர்க்கன்ஸ்டைன் நடத்தி 1964இல் வெளியிட்ட ஆய்வு, விபத்தில் சிக்கிய சாரதிகளை, அதே போன்ற இடங்களிலும் நேரங்களிலும் விபத்தின்றி ஓட்டிச்சென்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 80ஐ எட்டுமுன்பே ஆபத்து ஏறத் தொடங்கி, அதற்கு மேல் செங்குத்தாக உயர்வதை அது காட்டியது. உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் எல்லை 50; இளம் சாரதிகளுக்கு 20. அந்த ஆய்வு ஓட்டிப் பழகிய சாதாரணச் சாலைகளுக்கானது. நம் முடக்குகளுக்கு 20கூட அதிகம் என்பது என் எண்ணம்.

பொலிஸார் ஊதச் சொல்லும் பலூனின் பின்னால் உள்ள விதியும் இதோடு சேர்ந்ததே. நுரையீரலில் குருதியும் காற்றும் மெல்லிய சவ்வின் இருபுறமும் சந்திக்கும்போது எதனோல் ஒரு நிலையான விகிதத்தில் காற்றுக்குள் ஆவியாகிறது; ஒரு மில்லிலீற்றர் குருதியில் உள்ள அளவே 2,100 மில்லிலீற்றர் மூச்சில் இருப்பதாகக் கருவிகள் கொள்கின்றன. பலூனோடு இணைந்த குழாயில் உள்ள பொட்டாசியம் இருகுரோமேற்று எதனோலோடு சேர்ந்தால் மஞ்சள் நிறம் மாறிப் பச்சையாகும். ஏலக்காயும் வெற்றிலையும் வாயின் மணத்தை மறைக்கலாம். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சை அவை தொடுவதேயில்லை.

வண்டி பள்ளத்தில் விழுந்த பிறகும் மதுசாரத்தின் வேலை முடிவதில்லை. போதையில் இருப்பவருக்குத் தொண்டையின் காப்பு அனிச்சைச் செயல் தளர்ந்திருப்பதால், மயங்கிக் கிடக்கும்போது வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துவிடும். தேயிலைச் செடிகளுக்கிடையே மல்லாந்து கிடப்பவரை, கழுத்து அசையாதபடி ஒருவர் தலையைத் தாங்கிப் பிடிக்க, உடம்போடு சேர்த்து ஒரு பக்கமாகத் திருப்பிக் கிடத்துவது உயிரைக் காக்கும் முதல் வேலை. அதைவிட மறைவான ஆபத்து ஒன்று உண்டு. தலையில் அடிபட்டு மண்டைக்குள் குருதி கசியும்போது பேச்சு குழறும், நடை தள்ளாடும், தூக்கம் வரும், வாந்தி வரும். போதையின் அறிகுறிகளும் இவையே. லயத்திலிருந்து ஓடிவந்தவர்கள் சாராய வாடையை முகர்ந்துவிட்டு, "போதையில கிடக்கிறான், தூங்கி எழுந்தாச் சரியாயிடும்" என்று திண்ணையில் படுக்கவைத்தால், அந்த இரவுக்குள் மூளை நசுங்கிப்போகலாம். விழுந்தவர் குடித்திருந்தாலும் 1990 என்ற தொலைபேசி எண்ணில் அம்பியுலன்ஸை உடனே அழைக்க வேண்டும். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், விழுந்த பின் சிறிது நேரமாவது தெளிவாகப் பேசினாரா, பிறகு மந்தமானாரா, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிகிறதா என்பவற்றை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். போதை நேரம் போகப்போகக் குறையும். மண்டைக்குள் கசியும் குருதி நேரம் போகப்போகக் கூடும். நோயாளி மணிக்கு மணி தெளிகிறாரா மங்குகிறாரா என்பதை வைத்தே, தலையை ஸ்கேன் செய்யும் வசதியுள்ள வைத்தியசாலைக்கு அவரை அனுப்பும் முடிவு பெரும்பாலும் எடுக்கப்படுகிறது.