சோயா மெழுகுதிரி: சொல்லும் பொருளும்

கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் விடுதிகளாக மாற்றப்பட்டிருக்கும் நகரத்தார் வீடுகளில், பட்டாலை என்னும் கூடத்து மேசையின்மேல் கண்ணாடிக் குவளைக்குள் எரிவது என்ன என்று கேட்டால், ‘சோயா கேண்டில்’ என்றே பதில் வரும். கையால் வார்த்து விற்பவர்களும் அந்தப் பெயரையே தமிழெழுத்தில் அச்சிட்டு ஒட்டுகிறார்கள். பேச்சுக்கு அது போதும். எழுத வரும்போதுதான் மெழுகுவர்த்தி, மெழுகுவத்தி, மெழுகுதிரி ஆகியவற்றுள் எது சரி என்ற கேள்வியும், அவற்றுள் எதுவாவது இந்தப் பொருளுக்கு முழுவதும் பொருந்துமா என்ற கேள்வியும் எழுகின்றன.

‘மெழுகு’ தமிழில் வினையாகவும் பெயராகவும் வழங்குவது. வாசலைச் சாணமிட்டு மெழுகுகிறோம். தேனடையிலிருந்து கிடைப்பதும் மெழுகு. பூசினால் பரவுவது, இளகுவது, வழவழப்பது என்னும் குணம் இரண்டுக்கும் பொது. குறுந்தொகைப் பாட்டொன்று, மெழுகால் கருக்கட்டி (வார்ப்புக்கு முன்மாதிரி உருவம் செய்து) உலையில் வார்த்த மணியைக் குறிப்பிடுகிறது. இன்றும் சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்தே படிமத்துக்குக் கருப்பிடிக்கிறார்கள். ஆகவே விளக்கெரிக்கப் பயன்படுவதற்கு நெடுங்காலம் முன்பே மெழுகு தமிழரின் தொழிற்பொருளாக இருந்திருக்கிறது.

‘வர்த்தி’ வடசொல், உருட்டித் திரட்டியது என்பது அதன் பொருள். பிராகிருதத்தில் அது ‘வத்தி’ ஆயிற்று. ஊதுவத்தி, கொசுவத்தி என்று நாம் வழங்குவதும், ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூட்டிவிடுவதை ‘வத்தி வைப்பது’ என்பதும் அந்த வடிவத்தைக் கொண்டே. ஆகவே மெழுகுவத்தி என்று எழுதுவதைப் பிழை என்று திருத்துபவர்கள் வீணாகச் சிரமப்படுகிறார்கள். இதற்கு நேரான தமிழ்ச்சொல் ‘திரி’. நூலைத் திரித்துச் செய்வதால் திரி. இரு மொழிகளும் ஒரே கைவினையைப் பார்த்தே பெயரிட்டிருக்கின்றன. மலையாளத்தில் மெழுகுதிரி என்பதே இயல்பான வழக்கு.

செட்டிநாட்டில் திரிக்கு ஓர் அரிய உறவுச்சொல்லும் உண்டு. பிள்ளையார் நோன்பின்போது, திருக்கார்த்திகை தொடங்கி இருபத்தொரு நாளும் புதுத்துணியிலிருந்து நாளொன்றுக்கு ஓர் இழையாக எடுத்துச் சேர்த்து, அந்த 21 இழையையும் திரியாக்கி, இனிப்பு மாவில் பிடித்த பிள்ளையாரில் நெய்யோடு வைத்து ஏற்றி, சுடரோடு வாயிலிட்டு உண்பார்கள். இதற்கு ‘இழை எடுத்துக்கொள்ளுதல்’ என்று பெயர். மெழுகுதிரி வாங்கும்போது, திரி எத்தனை இழை, எப்படிப் பின்னியது என்று பார்ப்பதற்கு இந்தப் பழக்கமுள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘கேண்டில்’ என்பது, ஒளிர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இங்குள்ள பெரிய வீடுகளின் கூடங்களில் தொங்கும் சரவிளக்குக்கு வழங்கும் ‘சாண்ட்லியர்’ என்ற பெயரும் அதே வேரில் பிறந்ததே. ‘சோயா’ வந்த வழி சற்றுக் கோணலானது. சப்பானியர் தங்கள் ஊறல் குழம்பை ‘ஷோயு’ என்றனர். அச்சொல் சீனத்திலிருந்து சென்றது. டச்சு வணிகர் வழியாக ஐரோப்பா சேர்ந்தபோது, குழம்பின் பெயர் அதற்கு மூலமான அவரைக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பயிரும் பெயரும் சேர்ந்தே நம்மிடம் வந்தன என்பதால், அதைச் சோயா என்றே வைத்துக்கொள்வதில் குறைவில்லை.

உண்மையான சிக்கல் ‘மெழுகு’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. வேதியியல்படி தேன்மெழுகு ஒரு வகை, பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் வேறொரு வகை, சோயா மெழுகோ இரண்டும் அல்லாமல் கொழுப்பு வகையைச் சேர்ந்தது. சோயா எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றினால் அது இறுகிக் கட்டியாகிறது. வனஸ்பதி செய்வதும் இதே முறையில்தான். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இதைத் திரிக்கு எரிபொருளாக்கினார்கள். எனினும் தமிழ் ‘மெழுகு’ வேதியியலைப் பாராமல் இளகும் குணத்தைப் பார்த்து வைத்த பெயர் என்பதால், இதையும் மெழுகென்பது தவறாகாது. தானே நிமிர்ந்து நிற்பதை மெழுகுதிரி என்றும், குவளைக்குள் உருகிய எண்ணெய்க் குளத்தின் நடுவே திரி நின்று எரிவதை ‘சோயா மெழுகு விளக்கு’ என்றும் பிரித்து எழுதலாம் என்பது என் கருத்து. குவளையில் வருவதை விளக்கு என்று எண்ணிக்கொண்டால், அதைப் பேணும் முறையும் பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

முதன்முறை ஏற்றும்போது, உருகிய குளம் குவளையின் விளிம்பைத் தொடும்வரை அணைக்கக் கூடாது. வாயகலம் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது கணக்கு. அரைகுறையாக அணைத்தால், அடுத்த முறையும் உருகிய வட்டத்துக்குள்ளேயே உருகி, நடுவில் குழி விழுந்து, ஓரத்து மெழுகு எரியாமலே நின்றுவிடும். அப்படி ஆகிவிட்டால் குவளையின் வாயைச் சுற்றி அலுமினியத் தாளைக் கவித்து, நடுவில் மட்டும் திறப்பு விட்டு எரித்தால், வெப்பம் ஓரத்துக்குத் திரும்பி மெழுகு சமன்படும்.

ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரியைக் கால் அங்குல அளவுக்குக் கத்தரிக்க வேண்டும். திரி நீண்டால் எரிபொருள் அளவுக்கு மிஞ்சி ஏறி, முழுதும் எரியாமல் கரியாகிறது; சுவரில் படிவதும், திரியின் தலையில் காளான்போல் முடிச்சிடுவதும் அந்தக் கரிதான். சோயா புகையே விடாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். வளவு வீட்டில் முற்றத்தை ஒட்டி வைத்தால் காற்றில் சுடர் அலைந்து ஒரு பக்கம் மட்டும் உருகும். முகப்பிலும் நடையிலும் அப்படியே. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்காமல், அணைத்து ஆறவிட்டுப் பிறகு ஏற்றலாம். அணைக்கும்போது ஊதாமல், ஒரு கம்பியால் திரியைக் குளத்தில் அமுக்கி நிமிர்த்திவிட்டால் புகை எழாது. தண்ணீர் ஊற்றவே கூடாது. சூடான கொழுப்பில் தண்ணீர் பட்டால் தெறித்துத் தீ பரவும்.

மேற்பரப்பில் வெண்ணிறப் பூப்புப் படர்ந்தால் கெட்டுவிட்டது என்று எண்ணித் திருப்பித் தருபவர்கள் உண்டு. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்து வெளுப்பதுபோல, கொழுப்பு தன் படிகத்தை மாற்றிக்கொள்வதால் வருவது அது. நிறமிட்ட விளக்கில் தெளிவாகத் தெரியும், எரிவதற்குக் கேடில்லை. வெயில்தான் இந்தப் பகுதியில் பெரிய கவலை. தேன்மெழுகு உருக 62 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். குவளையில் வார்க்கும் சோயாவோ பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுத் தேவகோட்டைவரை போய்வந்தால், மணமும் வடிவமும் போய் எண்ணெய்தான் மிஞ்சும். மூடியிட்டு, வெயில் படாத மர அலமாரியில் வைப்பது நல்லது.

அடியில் அரை அங்குல மெழுகு மிஞ்சும்போதே நிறுத்திவிட வேண்டும். அதற்கும் கீழே எரிந்தால் கண்ணாடி சூடேறி வெடிக்கக்கூடும். மீந்ததை வெந்நீர்ச் சட்டியில் குவளையை நிறுத்தி இளக்கித் துணியால் வழித்தெடுத்துவிட்டுச் சோப்புநீரில் கழுவினால், கொழுப்பாதலால் எளிதில் போய்விடும். பாரஃபின் இவ்வளவு இணங்காது. ஆத்தங்குடித் தரைக்கல்லில் சிந்தியதையும் ஆறியபின் அட்டையால் சுரண்டிவிட்டுச் சோப்புநீர்த் துணியால் துடைத்தாலே போதும். வழித்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் மட்டும் கொட்டக் கூடாது. குழாய்க்குள் போய் மீண்டும் உறைந்து அடைத்துக்கொள்ளும்.