‘ஆர்.ஏ. நெகட்டிவ்’ என்றதும் ஃபைலை மூடி வைக்காதீர்கள்

மூட்டு வலி என்று வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு லேப் ரிப்போர்ட் இருக்கும். முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர், அத்துடன் யூரிக் ஆசிட், ஏ.எஸ்.ஓ. மூன்றும் ஒரே தாளில். “ஆர்.ஏ. நெகட்டிவ்னு வந்திருச்சுங்க சார், அப்ப வாதம் இல்லைங்கல்ல?” என்பார்கள். ஈரோட்டுப் பக்கம் வாதநோய் பார்க்கும் டாக்டராக நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

அந்தத் தாளை மட்டும் வைத்து இல்லை என்று சொல்ல முடியாது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதம் உள்ளவர்களிலேயே நூற்றுக்கு 20, 30 பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாகத்தான் வரும். நோய் தொடங்கிய முதல் மாதங்களில் எடுத்தால் அப்படி வர வாய்ப்பு இன்னும் அதிகம். மறுபக்கம், ஒரு மூட்டும் வலிக்காத வயதானவர்களுக்கும், ஹெபடைட்டிஸ் சி, காசநோய் போன்றவை இருப்பவர்களுக்கும் பாசிட்டிவாக வரலாம். ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனை பாசிட்டிவாக வந்தால் அதைக் கூடுதலாக நம்பலாம். ஆனால் அதுவும் நெகட்டிவாக வந்துவிட்டது என்பதற்காக நோயைத் தள்ளிவிட முடியாது. ஏ.எஸ்.ஓ. பற்றி ஒரு வார்த்தை: தொண்டையில் எப்போதோ ஒரு கிருமி வந்து போனதற்கான தடயம் அது. நாற்பது வயது அம்மாவின் விரல் வீக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த எண் கூடியிருக்கிறது என்று மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டைவிட முதலில் எனக்குத் தெரிய வேண்டியது, காலையில் எழுந்ததும் கை எப்படி இருக்கிறது என்பதுதான். மூட்டுத் தேய்மான வலி பாடுபடப் படக் கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் விறைப்பு இருந்தாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வரும் வாதம் இதற்கு நேர்மாறானது. படுத்து எழுந்தால் அதிகம், விடியற்காலையில் மோசம், நடமாட நடமாட இளகும். இளகுவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

எத்தனை நிமிடம் என்று கேட்டால் நம்ம பக்கம் “கொஞ்ச நேரம் இருக்குமுங்க” என்றுதான் பதில் வரும். அதனால் வேலையை வைத்துக் கேட்பேன். மாடு வைத்திருப்பவர்களிடம், காம்பைப் பிடித்துக் கறக்க முடிகிறதா, சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிற நேரத்துக்காவது விரல் மடங்குகிறதா என்று கேட்டால் சரியான விவரம் வந்துவிடும். “கறக்கறதுக்கு எங்க வீட்டுக்காரரைத்தானுங்க விட்டிருக்கேன், எட்டு மணிக்கு மேலதான் நான் பாத்திரமே தொடறது” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் ஆர்.ஏ. நெகட்டிவ் என்ற வரி என்னை அவ்வளவாகச் சமாதானப்படுத்தாது.

எந்த மூட்டு என்பதும் முக்கியம். விரல்களின் அடிமூட்டு, நடுமூட்டு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி, அதுவும் பெரும்பாலும் இரண்டு பக்கமும். விரல் நுனி மூட்டை முடக்குவாதம் சாதாரணமாகத் தொடாது. கை கொடுப்பதுபோல நாலு விரலின் அடிமூட்டுகளையும் சேர்த்து லேசாக அமுக்கினாலே முகம் சுளித்துவிடும். “கட்டிலை விட்டு எறங்குனா கூழாங்கல்லு மேல நடக்கற மாதிரி இருக்குதுங்க” என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. இத்துடன் வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டியிருந்தால் வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் சில்லறை மூட்டு வலி என்று விட்டுவிடக் கூடாது. இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு சிக்குன்குனியா. 2006-ல் அது தமிழ்நாட்டையே முடக்கிப் போட்டபோது அனுபவித்தவர்களுக்குத் தெரியும், காய்ச்சல் விட்டும் கைகால் மாதக்கணக்கில் விடவில்லை. பார்வைக்கு அச்சு அசல் முடக்குவாதம். ஆகவே முதலில் காய்ச்சல் வந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது வந்ததா என்று கேட்காமல் நான் எதையும் எழுதுவதில்லை.

தலையில் பொடுகு என்று நினைத்திருப்பது சோரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். வாய்ப்புண், முடி கொட்டுதல், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, கண் வறட்சி, இளவயதுப் பையன்களுக்கு ராத்திரியில் எழுப்பிவிடும் இடுப்பு வலி, இவை எல்லாம் வேறு வேறு வாதங்களின் அடையாளங்கள். மூட்டு டாக்டரிடம் இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.

இவ்வளவு பார்த்தும் சிலருக்கு நான் சீட்டில் ஒரு கேள்விக்குறிதான் போட முடிகிறது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே அப்படித்தான் இருக்கும், எலும்பு அரித்த பிறகுதான் அதில் தெரியும். அந்த அரிப்பு பலருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. பெயர் உறுதியாகும் வரை வைத்தியம் தொடங்காமல் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் நோயாளிகளுக்குக் கேள்விக்குறி பிடிப்பதில்லை. “எட்டாயிரம் செலவு பண்ணியும் என்னன்னு சொல்ல மாட்டேங்கறாரு” என்று அலுத்துக்கொண்டு, நேராகப் பொட்டலத்துக்குப் போய்விடுகிறார்கள்.

பொட்டலம் தெரியும்தானே. பெயர் இல்லாத மாத்திரைகள், வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதியாக உடைத்தது ஒன்று. இரண்டு வேளை போட்டதும் ஓடி ஆடுகிறோம் என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1948-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் குழுவினர் முடக்குவாதத்தில் படுக்கையாகக் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. பக்க விளைவுகளும் சீக்கிரமே தெரிந்துபோனதால் அன்றைய கொண்டாட்டம் அடங்கிவிட்டது. இன்று நாங்களும் ஸ்டீராய்டு தருகிறோம், குறைந்த அளவில், சில வாரங்களுக்கு, குறைத்துக்கொண்டே வருகிற கணக்கோடு. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு இளைக்கும், கண்ணில் புரை விழும். இன்னொன்றும் உண்டு: வீக்கமும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எண்களும் தணிந்துவிடுவதால், என்ன நோய் என்று பார்க்கவே வழியில்லாமல் போகும். மூட்டின் அரிப்போ உள்ளே நடந்துகொண்டே இருக்கலாம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் போட்டவர்கள் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கும் அபாயம் உண்டு. பொட்டலத்தோடு வாருங்கள், திட்ட மாட்டேன்.

முடவாட்டுக்கால் சூப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. கொல்லிமலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு ஒரு கிழங்காவது வாங்கி வந்துவிடுகிறார்கள். முடக்கத்தான் கீரை தோசையும் அப்படியே. பிடித்தால் சாப்பிடுங்கள், எனக்கும் அந்தச் சூப் பிடிக்கும். மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்புவதில்தான் பிரச்சினை. பருப்பு, தக்காளி, கத்தரிக்காய் எதையும் முடக்குவாதத்துக்காக விட வேண்டியதில்லை. யூரிக் ஆசிட் கூடியவர்களுக்குச் சொல்லும் பத்தியத்தை இதற்கும் கடைப்பிடித்து, புரதம் இல்லாமல் மெலிந்துபோகிறவர்கள்தான் அதிகம். பீடி, சிகரெட்டை மட்டும் விட்டே ஆக வேண்டும். அது இந்த நோய் வரும் வாய்ப்பையும் கூட்டும், வந்த நோயையும் மோசமாக்கும்.

வேலையை விட்டுவிடுவதா என்று கேட்பவர்களில் திருப்பூர்ப் பக்கத்துப் பெண்கள் நிறைய. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு, அதுவும் பீஸ் ரேட் என்றால் கைக்கு ஓய்வு கொடு என்று சொல்வது சுலபம், நடப்பது கஷ்டம். விட வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீக்கம் அடங்கும் வரை பிசிறு வெட்டும் வேலையிலிருந்து மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள், கத்தரி பிடிப்பது விரல் மூட்டை அதிகம் வதைக்கும். காலையில் பத்து நிமிடம் வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் காயப்போடலாம். குடத்தை விரலால் தூக்காமல் முன்கையில் அணைத்துத் தூக்கலாம். இதைவிடக் கடினமானது அசதி. வீக்கம் கண்ணுக்குத் தெரியும், அசதி தெரியாது. “பார்க்க நல்லாத்தானே இருக்கறா” என்று மாமியார் சொல்லும் வீடுகளில் அடுத்த தடவை மாமியாரையும் கூட்டி வரச் சொல்கிறேன். நோயிலேயே அசதி ஒரு பகுதி என்று நான் சொன்னால் கொஞ்சம் எடுபடுகிறது.

மருந்து தொடங்கினால் பெரும்பாலும் முதலில் வருவது மெத்தோட்ரெக்சேட். இது வாரம் ஒரு முறை மட்டும் போடும் மாத்திரை. தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்து. எனவே “உங்க ஊர்ச் சந்தை என்னிக்குங்க?” என்று கேட்டு அந்தக் கிழமையைச் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை வேறு கிழமையில். கடையில் யாராவது “இது கேன்சர் மாத்திரைங்க” என்பார்கள். உண்மைதான், புற்றுநோய்க்கும் தருகிறார்கள், ஆனால் அங்கே தரும் அளவு இதைவிடப் பல மடங்கு. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இடையில் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், மதுவைத் தொடக் கூடாது.

குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் இதைப் போடக் கூடாது. கல்யாணம் நிச்சயமான பெண்ணை அழைத்து வரும் அம்மாக்கள் இந்தச் சந்தேகத்தை என்னிடம் தனியாகக் கேட்கலாம் என்று காத்திருந்து, கேட்காமலே போய்விடுகிறார்கள். பெண்ணை வைத்துக்கொண்டே கேளுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாதிரி கர்ப்பத்திலும் தொடரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. மூன்று, நான்கு மாதம் முன்னதாகத் தெரிந்தால் மாற்றிக் கொடுத்து, நோய் அடங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.