முறைவில்லை: 'ரோக்கன்' என்ற சொல்லும் அதனோடு வரும் நேரச் சொற்களும்

வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வரிசை இலக்கம் எழுதித் தரும் துண்டை வன்னியில் சிலர் 'ரோக்கன்' என்றும் பலர் 'நம்பர்த் துண்டு' என்றும் சொல்வார்கள். அதே சொல் உயர்தர மாணவரின் வலையமைப்புப் பாடத்தில் வரும்போது பொருள் வேறாகிறது. துண்டு ஆளுக்கு ஒன்று. வளைய வலையமைப்பில் சுற்றிவரும் ரோக்கனோ முழு வளையத்துக்கும் ஒன்றே ஒன்று. அதைப் பெற்ற நிலையம், அதாவது வளையத்தில் இணைந்த கணினி, மட்டுமே தரவை அனுப்பலாம், அனுப்பியபின் அடுத்த நிலையத்துக்கு அதை விட்டுவிட வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு அடையாளம், குறி என்பதே பொருள். காட்டுதல் என்னும் வேரிலிருந்து பிறந்ததால், கற்பித்தலைக் குறிக்கும் 'ரீச்' என்ற ஆங்கில வினையும் இதற்கு உறவு. பின்னாளில் அது காசுக்குப் பதிலாகக் கொடுக்கும் உலோக வட்டையும், ஒற்றைத் தண்டவாளப் பாதையில் புகையிரதச் சாரதி கையில் இருந்தாக வேண்டிய அனுமதிப் பொருளையும் குறித்தது. வலையமைப்புக்கு மிக நெருங்கிய பொருள் இந்தக் கடைசிப் பொருள்தான்: அனுமதி ஒன்று, அது யாரிடம் உள்ளதோ அவருக்கே பாதை.

தமிழ்க் கணினி அகராதிகளில் 'வில்லை' என்ற சொல் இதற்கு உண்டு. தட்டையான வட்டம், சேவகர் அணியும் சின்னம் என்னும் பழைய பொருள்களை வைத்துப் பார்த்தால் அது நல்ல சொல்லே. ஆயினும் இலங்கைப் பௌதிகவியல் பாடநூலில் குவிவுவில்லை, குழிவுவில்லை என்று படித்த கிளிநொச்சி மாணவருக்கு 'வில்லை வளையம்' என்றதும் கண்ணாடிதான் நினைவுக்கு வரும். ஆகவே 'முறைவில்லை' என்று சேர்த்துச் சொல்வதே தெளிவு என்பது என் கருத்து. 'முறை' என்பதில் ஒழுங்கும் இருக்கிறது, ஒருவருக்கு உரிய தடவையும் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்யும் கமக்காரர் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் முறையை முன்கூட்டியே பேசி முடிவுசெய்வதும் இதே பொருளில்தான். இன்னாருக்குத் தண்ணீர் வரும் என்பதோடு, எவ்வளவு நேரத்துக்கு, அடுத்த முறை எப்போது என்பதும் அங்கே சேர்ந்தே தீர்மானிக்கப்படும்.

அந்த இரண்டு நேரங்களையும் பிரித்தறிவதில்தான் மாணவர் இடறுகிறார்கள். ஒரு நிலையம் முறைவில்லையைத் தன்னிடம் வைத்திருக்கக்கூடிய உச்ச நேரம் 'வைத்திருப்பு நேரம்'. முறைவில்லை ஒரு நிலையத்தை விட்டுப் போய் மீண்டும் அங்கே வந்து சேர எடுக்கும் நேரம் 'சுற்றுநேரம்'. இரண்டையும் 'ரோக்கன் நேரம்' என்ற ஒரே பெயரால் எழுதினால் பாடம் முழுவதும் குழம்பிவிடும்.

1985ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் செக்கனுக்கு 4 மெகாபிற்று வேகத்தில் சந்தைக்குக் கொண்டுவந்த வளையத்தில் வைத்திருப்பு நேரம் வழக்கமாக 10 மில்லிசெக்கன். அதற்குள் 40,000 பிற்றுகள், அதாவது 5,000 பைற்றுகள் வரை அனுப்பலாம். அங்கே முன்னுரிமை தனியாக எழுதப்பட்டது. மூன்று பைற்று நீளமுள்ள முறைவில்லையின் நடுப் பைற்றில் மூன்று பிற்றுகள் முன்னுரிமைக்கும் மூன்று பிற்றுகள் ஒதுக்கக் கோரிக்கைக்கும் உரியவை. ஆகவே 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். அவசரமுள்ள நிலையம், வேறொருவரின் சட்டகம் (ஒன்றாகக் கட்டி அனுப்பும் தரவுத் தொகுதி) தன்னைக் கடக்கும்போதே தன் படியைக் கோரிக்கைப் பிற்றுகளில் எழுதிவிடும். அனுப்பி முடித்த நிலையம் முறைவில்லையை அந்தப் படிக்கு உயர்த்தி வெளியிடும். அதற்குக் குறைந்த படியினர் அதைத் தொட முடியாது. உயர்த்திய நிலையமே பின்னர் அதைத் தாழ்த்தவும் வேண்டும் என்பது விதி. இந்த விதி இல்லாவிட்டால் படி மேலேயே நின்று, சாதாரண நிலையங்கள் காத்தே கிடக்கும். பிறர்க்குரிய முறையைத் தடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நான் மிக மதிக்கிறேன்.

செக்கனுக்கு 100 மெகாபிற்று வேகமுள்ள எப்.டி.டி.ஐ. ஒளியிழை வளையம் வேறு வழியில் சென்றது. வளையம் தொடங்கும்போது ஒவ்வொரு நிலையமும் தனக்கு வேண்டிய சுற்றுநேரத்தை அறிவிக்கும். அவற்றுள் ஆகக் குறைந்ததே எல்லாருக்கும் 'இலக்குச் சுற்றுநேரம்' ஆகும். அது 8 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். முறைவில்லை 5 மில்லிசெக்கனில் திரும்பி வந்தால், மிஞ்சிய 3 மில்லிசெக்கன் அந்த நிலையத்தின் வைத்திருப்பு நேரமாகும். சாதாரணத் தரவை அதற்குள் அனுப்பலாம். 9 மில்லிசெக்கனில் வந்தால் சாதாரணத் தரவுக்கு இடமே இல்லை. குரல் போன்று தாமதம் தாங்காத, முன்பே பங்கு ஒதுக்கப்பட்ட ஒத்தியங்கு தரவு மட்டும் எப்போது வந்தாலும் தன் பங்கை அனுப்பும். இந்த ஒழுங்கில் அடுத்தடுத்த இரு வருகைகளுக்கு இடைப்பட்ட நேரம் இலக்கின் இரு மடங்கை ஒருபோதும் தாண்டாது. சராசரி இலக்குக்குள்ளேயே நிற்கும். இதை 1980களில் கணித முறையில் நிறுவியும் காட்டினார்கள். சாதாரணத் தரவுக்குள்ளும் படி வகுக்கலாம்: தாழ்ந்த படிக்கு, முறைவில்லை மிக முந்தி வந்தால்தான் இடம் என்று எல்லை வைத்தால் போதும். இங்கே தனியே முன்னுரிமைப் பிற்று தேவையில்லை. கடிகாரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

'முன்னுரிமை' என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை. 'முந்தியது' என்னும் இலத்தீன் வேரில் பிறந்த ஆங்கிலச் சொல்லுக்கு அது நேராகவே பொருந்துகிறது, ஊர்ப் பேச்சிலும் பழகிவிட்டது. 'இலக்குச் சுற்றுநேரம்' மட்டும் புதிதாகத் தோன்றலாம். ஆனால் அலுவலகங்களில் ஈதர்நெற் என்ற வேறு வலையமைப்பு முறை இந்த வளையங்களின் இடத்தை எடுத்துக்கொண்டபின்னும், தொழிற்சாலைக் கருவிகளை இணைக்கும் புரொபிபஸ் வடங்களில் தலைமை நிலையங்கள் இன்றும் முறைவில்லையைக் கைமாற்றிக்கொண்டுதான் இயங்குகின்றன. அங்கே பொறியியலாளர் முதலில் கணக்கிட்டுப் பதியும் எண்களில் இலக்குச் சுற்றுநேரமும் ஒன்று.