ஆலயத் திருமணமும் அரசுப் பதிவும்: கிறிஸ்தவக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிப் பங்குகளில் ஞாயிறு பூசையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்து, தடை ஏதும் இல்லை என்று உறுதியானபின் மந்திரிப்பு (ஆலயத் திருமணச் சடங்கு) நடந்து, பங்குப் பதிவேட்டில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றே பெரும்பாலான குடும்பங்கள் எண்ணுகின்றன. திருச்சபையைப் பொறுத்தவரை அது சரி. அரசைப் பொறுத்தவரை இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

கத்தோலிக்கப் போதனையில் திருமணம் ஓர் அருட்சாதனம், அதாவது இறையருள் தரும் புனிதச் சடங்கு. மணமக்கள் ஒருவருக்கொருவர் தரும் சம்மதமே அதை உண்டாக்குகிறது, குரு அதைத் திருச்சபையின் பெயரால் கேட்டுப் பெறுகிறார். சீர்திருத்த சபைகள் அதை அருட்சாதனமாக எண்ணுவதில்லை. லுத்தர் திருமணத்தை உலகக் காரியம் என்றே கூறி ஆட்சியாளரின் பொறுப்பில் வைத்தார். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இந்த விவாதத்துக்குள் நுழைவதில்லை. ஆயரால் திருநிலைப்படுத்தப்பட்ட குரு தம் சபை முறைப்படி நடத்தும் திருமணத்தை அது ஏற்கிறது. அரசு உரிமம் பெற்ற ஊழியர் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு நடத்துவதாயின், எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில் இன்னாரைச் சட்டப்படியான துணையாக ஏற்கிறேன் என்று இரு சாட்சிகள் கேட்க இருவரும் சொல்ல வேண்டும் என்கிறது 60ஆம் பிரிவு. தாலி நம் வழக்கம். சட்டம் அதைக் கேட்பதில்லை.

இருவருக்கும் உயிருடன் வேறு துணை இருக்கக் கூடாது என்பதும் அப்பிரிவின் நிபந்தனை. இந்த ஒரு நிபந்தனை எவ்வளவு கனமானது என்பதற்கு அருகிலுள்ள ஓரியூரே சாட்சி: ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதால், அவர்களில் இராமநாதபுர மன்னர் சேதுபதியின் உறவினரான ஒருத்தி முறையிட, ஞானஸ்நானம் கொடுத்த இயேசு சபைக் குரு அருளானந்தர் 1693இல் அங்கே வெட்டப்பட்டார்.

பாக்கியுள்ள வேலை பதிவுதான். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009, அதே ஆண்டு நவம்பர் 24 முதல் எல்லா மதத்தினருக்கும் பொருந்துகிறது; பங்குப் பதிவேட்டில் ஏறியிருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியே பதிய வேண்டும். அதற்குத் திருமண நாளிலிருந்து 90 நாள் அவகாசம் உண்டு. தவறினால் மேலும் 60 நாளுக்குள் தாமதக் கட்டணத்துடன் பதியலாம். கடவுச்சீட்டு, விசா வேலைகளுக்கு அலைய நேரும்போதுதான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.

பிரிவு என்று வந்தால் குழப்பம் கூடுகிறது. ஆயரின் கீழ் இயங்கும் திருச்சபையின் மறைமாவட்ட நீதிமன்றம் ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தால், அது திருச்சபைக்குள் மட்டுமே செல்லும். உச்ச நீதிமன்றம் 1996இலும் 2017இலும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்திலோ குடும்ப நீதிமன்றத்திலோ தீர்ப்புப் பெறாமல் மறுமணம் செய்பவர், ஆயரின் அனுமதியே கையில் இருந்தாலும், இருதார மணக் குற்றத்துக்கு ஆளாக நேரிடும். அதேபோல் அரசு நீதிமன்றத்தில் மட்டும் விவாகரத்துப் பெற்ற கத்தோலிக்கருக்கு, முன்னாள் துணை உயிருடன் இருக்கும்வரை, மறைமாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பும் இல்லாமல் பங்குத்தந்தை ஓலை வாசிக்க மாட்டார்.