‘வாழும் தெரு’ அல்ல, வளவுத் தெரு

நடப்பவர்களுக்கான தெருக்களைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘வாழும் தெரு’ வந்து நிற்கிறது. இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது முறை. நெதர்லாந்தில் நடப்பவருக்கே முதலிடம் தரும் தெருவின் பெயரான ‘வோன்எர்ஃப்’ என்பதற்குத் தமிழாம். (‘வூனெர்ஃப்’ என்று எழுதுபவர்களும் உண்டு. டச்சு மொழியில் இரட்டை ‘ஓ’ நெடில் ஓகாரமே, ஊகாரம் அல்ல.)

‘வோன்’ என்றால் குடியிருத்தல். ‘எர்ஃப்’ வீட்டைச் சுற்றியுள்ள மனை. தெரு என்ற பொருள் இந்தச் சொல்லில் எங்குமே இல்லை.

1960களின் இறுதியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், குறுக்கு வழி தேடிப் பாய்ந்த கார்களைப் பொறுக்க முடியாமல், குடியிருந்தவர்களே தெருவின் செங்கல் தளத்தைப் பெயர்த்து, வண்டி நேராகச் சீற முடியாதபடி வளைத்துவிட்டார்கள். 1971இல் அந்நாட்டுச் சாலைகளில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 1976இல் வோன்எர்ஃப் சட்டத்திலேயே ஏறியது: தெருவின் முழு அகலத்திலும் நடக்கலாம், விளையாடலாம், வண்டி வந்தால் ஆள் நடக்கும் வேகத்தில்தான் வர வேண்டும்.

‘வாழும் தெரு’ இந்த டச்சுச் சொல்லிலிருந்து வந்ததல்ல. ஆங்கிலத்தில் ‘லிவிங் ஸ்ட்ரீட்’ என்று ஒன்று புழங்குகிறது. நம்மவர் அதை அப்படியே தூக்கிவந்துவிட்டார். நான் வாழும் தெரு என்றால் எந்தத் தெருவும் அதுதானே? லாரி உறுமும் தெருவிலும் ஆள் வாழத்தான் செய்கிறார். ‘நான்’ என்பதை எடுத்துவிட்டாலோ தெருவே மூச்சுவிடத் தொடங்குகிறது. ‘வாழ்தெரு’ என்று வினைத்தொகை ஆக்கிப் பார்த்தவர் ஒருவர்; ஓசை கூடியது, பொருள் கூடவில்லை. ‘குடியிருப்புத் தெரு’ தெளிவானது, ஆனால் தெருவின் உரிமை வண்டியிடமிருந்து நடப்பவருக்குக் கைமாறியதைச் சொல்லாது. ‘பகிர்வுச் சாலை’தான் எல்லாவற்றிலும் மோசம். சாலை வண்டிக்குச் சொந்தம், நடப்பவருக்கு அதில் ஏதோ பங்கு என்று ஆகிவிடுகிறது. சட்டம் சொல்வது இதற்குத் தலைகீழ்.

இதே கூட்டம்தான், வண்டிகளின் வேகத்தைக் குறைப்பதை ஆங்கிலத்தில் ‘டிராஃபிக் காமிங்’ என்பதால், ‘போக்குவரத்தை அமைதிப்படுத்தல்’ என்றும் எழுதுகிறது. வண்டி என்ன அழுகிறதா, தாலாட்டுப் பாட? வேகத் தணிப்பு என்றால் எவருக்கும் புரியும்.

எர்ஃபுக்கு நேரான சொல் நம்மிடம் இருக்கிறது: வளவு. வளைத்தது வளவு, வளாகம் அதன் உடன்பிறப்பு. யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சூழ்ந்த நிலம் வளவு. திருநெல்வேலிப் பக்கம், பொது முற்றத்தைச் சுற்றிப் பல வீடுகள் சேர்ந்திருந்தால் வளவு. ஆகவே வளவுத் தெரு. சென்னைப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாதே என்கிறார் நண்பர். வோன்எர்ஃப் மட்டும் தெரியுமாக்கும்!

எங்கள் ஆச்சி குடியிருந்த வளவில் நடு முற்றத்தில் வடகம் காயும், பிள்ளைகள் பாண்டி ஆடுவார்கள். சைக்கிளில் வருபவர் நுழைவிலேயே இறங்கி உருட்டிக்கொண்டு வருவார். இறங்காமல் வந்தவனை ஆச்சி திண்ணையிலிருந்தே கேட்பாள்: “ஏலே, இது வளவா, ரோடா?”