தக்காளி வாடிய பிறகு டிரைக்கோடெர்மா ஊற்றிப் பலனில்லை

செடி வாடியதும் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன், தூரோரமாகத் தண்டை வெட்டுங்கள். ஒரு விரல் நீளத் துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை படும்படி பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பால் போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கிவிடும். இழை இறங்காமல், தண்டின் உள்ளே பழுப்புக் கோடு ஓடி, அடியிலைகள் பெரும்பாலும் ஒரு பக்கமாக மஞ்சளாகியிருந்தால் பியூசேரியம் பூஞ்சை.

இந்தப் பூஞ்சை வேர் வழியாக நுழைந்து நீர்க்குழாயை அடைத்துவிடுகிறது. டிரைக்கோடெர்மா என்பது நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை. அதற்கு வேலை வேரைச் சுற்றிய மண்ணில்தான். அடைபட்ட குழாய்க்குள் போய் அது சண்டை போடாது. எனவே நாற்று நடும் முன்பே அது மண்ணில் குடியேறியிருக்க வேண்டும்.

நடவுக்கு 15 நாள் முன்பு, ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை நன்கு மட்கிய 20 கிலோ தொழு உரத்தில் கலந்து, நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மட்காத சாணத்தில் கலந்தால் குவியல் சூடேறி உயிரி செத்துவிடும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கடைசி உழவில் மண் ஈரமாக இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பின் தூவுங்கள்.

விதைக்கு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, அல்லது நோயை அடக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் 10 கிராம். நிறம் பூசி வரும் ஹைபிரிட் விதையில் பெரும்பாலும் ஏற்கெனவே பூஞ்சைக்கொல்லி இருக்கும். அதன்மேல் டிரைக்கோடெர்மாவைப் பூசுவது வீண். அதற்குப் பதில், நடும் அன்று லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைசலில் நாற்றின் வேரை அரை மணி நேரம் நனையுங்கள்.

காப்பர் ஆக்ஸிகுளோரைடு, கார்பன்டசிம் போன்ற பூஞ்சைக்கொல்லி ஊற்றினால், அதற்கும் இந்த உயிரிகளுக்கும் இடையே 15 நாள் இடைவெளி விடுங்கள். பாக்டீரியாக்கொல்லியான ஸ்ட்ரெப்டோமைசின் சூடோமோனாஸையும் சேர்த்தே கொல்லும். டால்க் பொடியில் கலந்து வரும் உயிரியைச் சொட்டுநீரில் விட்டால் துளை அடைக்கும். வடிகட்டித் தூரில் ஊற்றுவதே மேல்.

பாக்டீரியா வாடல் உள்ள வயலில் உயிரியை மட்டும் நம்பாதீர்கள். அர்கா ரக்ஷக் போன்ற எதிர்ப்புத் திறன் உள்ள ரகம், அல்லது கத்தரி வேர்ச்செடியில் ஒட்டிய நாற்று. வேரில் முடிச்சு தெரிந்தால் நூற்புழுவும் இருக்கிறது. அது போட்ட காயம் வழியாகத்தான் இரண்டு வாடலும் எளிதாக நுழையும்.

பாக்கெட் வாங்கும்போது காலாவதித் தேதியோடு, கடைக்காரர் அதை வெயில் படும் அலமாரியில் வைத்திருந்தாரா என்றும் பாருங்கள்.