மிகையொலி விமானமா, ஒலிமுந்து விமானமா?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில், சோவியத்தில் உருவான மிக்-21 போர்விமானங்களுக்கு இந்திய விமானப்படை விடைகொடுத்தது. அந்த வாரம் முழுவதும் அவற்றைப் பற்றித் தமிழில் வந்ததையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். எடுத்த எடுப்பிலேயே, சூப்பர்சானிக் விமானத்துக்குத் தமிழில் வைத்த ‘மிகையொலி விமானம்’ என்ற சொல் எதிரே வந்து நின்றது. எட்டாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகனிடம் ஒரு கட்டுரையை நீட்டினேன். நான்கு வரி படித்துவிட்டுத் தலையைத் தூக்கி, “சித்தப்பா, மற்ற விமானங்களைவிட இது அதிகமாகச் சத்தம் போடுமா?” என்று கேட்டான்.

பையன் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறான். மிகை என்றால் அளவுக்கு மேற்பட்டது. மிகைநடிப்பு, மிகைச்செலவு, மிகை உற்பத்தி என்ற வரிசையில் மிகையொலியை வைத்தால் அளவுக்கு மீறிய ஓசை என்றுதான் பொருள்படும். ‘என்றால் மிகையாகாது’ என்று நாள்தோறும் மேடையில் கேட்கிற எவரும் இதைத் தவிர வேறு பொருள் கொள்ள மாட்டார்கள்.

மூலச்சொல் சூப்பர்சானிக். இலத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேலே, அப்பால். ‘சோனுஸ்’ என்றால் ஒலி. ஒலியின் வேகத்துக்கு அப்பாற்பட்டது என்பது கருத்து. ஆங்கிலத்திலும் இது தொடக்கத்தில் குழப்பம் தந்த சொல்தான். காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் கொண்ட ஒலியையும் முன்பு இதே சொல்லால் குறித்தார்கள். ஜெட் விமானங்கள் வந்து வேகம் என்ற பொருள் வலுப்பெற்ற பிறகு, அதிர்வெண்ணுக்கு ‘அல்ட்ராசானிக்’ என்று ஒதுக்கிவிட்டு, வேகத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பிரித்து வைத்ததை நாம் மறுபடியும் ஒன்றாகக் கலந்துகொண்டிருக்கிறோம்.

மிகையொலியை ஆதரிப்பவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ‘சூப்பர்’ என்பதற்கு மிகை என்றும் பொருள் உண்டு என்பது ஒன்று. உண்டுதான், ஆனால் இந்த இடத்தில் இல்லை. இங்கே ஒலி அதிகமாவதில்லை, விமானம் ஒலியைக் கடந்து போகிறது. ஒரு முன்னொட்டுக்கு இரண்டு பொருள் இருந்தால் இடத்துக்கு ஏற்றதை எடுப்பதுதான் மொழிபெயர்ப்பாளரின் வேலை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவது வேலையாகாது. மற்றொரு காரணம், ‘ஒலியை மிகுந்த’ என்று விரித்துக்கொள்ளலாமே என்பது. தமிழில் சொல் நிற்கும் வரிசைக்குப் பொருள் உண்டு. மிகை முன்னால் வந்தால் அது ஒலியின் பண்பாகிவிடும். சரி, ‘ஒலிமிகு’ என்று மாற்றிப் போட்டால்? கோயில் வாசல் பலகையில் ‘அருள்மிகு’ என்று இருக்கிறது; அருள் நிறைந்த என்று படிக்கிறோம். அதே கண் ‘ஒலிமிகு’ என்பதை ஓசை நிறைந்த என்றுதான் படிக்கும். எப்படிப் புரட்டினாலும் சத்தமே மிஞ்சுகிறது, வேகம் வருவதில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, உண்மையில் நடப்பதற்கு இந்தச் சொல் நேர் எதிராக இருப்பதுதான். ஒலியைவிட விரைவாக ஒரு விமானம் உங்களை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எழுப்பும் ஒலி அதற்குப் பின்னால்தான் வரும். விமானம் தலைக்கு மேலே வரும்வரை உங்கள் காதுக்கு எதுவும் எட்டாது. கடந்து சென்ற பிறகே ஒடுங்கித் திரண்ட அதிர்வலை தரையை அடைந்து இடிபோல முழங்கும். எதிரே நிற்பவருக்கு ஓசையே இல்லாமல் வருவதுதான் இந்த வகை விமானத்தின் அடையாளம்; அதற்கு ஓசை மிகுந்தது என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆனால் ஈழத்துத் தமிழில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. இலங்கை விமானப்படை 1996இல் இஸ்ரேலின் கிபிர் விமானங்களையும், 2000இல் உக்ரைனிலிருந்து சோவியத் தயாரிப்பான மிக்-27 விமானங்களையும் வாங்கியது. அவை வடக்கிலும் கிழக்கிலும் குண்டு வீசிய காலத்தில் ‘மிகையொலி விமானம்’ என்ற தொடர் அங்கே செய்திகளில் நிலைத்தது. உயரத்தில், சுமையில்லாமல் பறக்கும்போது அந்த விமானங்களால் ஒலியை முந்த முடியும். குண்டுச் சுமையோடு தாழ இறங்கும்போது ஒலிவேகத்துக்குக் குறைவாகவே வரும். அந்த இரைச்சலைக் கேட்டுப் பதுங்கு குழிக்கு ஓடியவர்களுக்கு மிகையொலி என்பது அவர்கள் காதால் அனுபவித்த சொல். அவர்கள் நினைவிலிருந்து அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை, பிடுங்கவும் விரும்பவில்லை. அங்கே அது இரைச்சலின் பெயராக நின்றது என்றே கொள்கிறேன். வேகத்தின் பெயராக அதைப் பாடநூலிலும் கட்டுரையிலும் எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

‘மீயொலி’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். மீ என்றால் மேல்; மீத்திறன், மீயுயர் என்றெல்லாம் வழங்குகிறது. சொல்லாக்கத்தில் பழுது இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார். கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் ஸ்கேன் மீயொலிச் சோதனை என்றே அச்சாகிறது. அது அதிர்வெண், இது வேகம். ஒரே சொல்லை இரண்டுக்கும் கொடுத்துவிட்டு வாசகரே பிரித்துக்கொள்ளட்டும் என்பது பொறுப்பான செயல் அல்ல.

பொருள் தெளியாத சொல் தகவலையும் கெடுக்கிறது. ‘கொரியப் போரில் கலக்கிய மிக்-15 மிகையொலி விமானம்’ என்று ஒரு வரியை அண்மையில் படித்தேன். மிக்-15 ஒலியை முந்தவே முந்தாது. பிரிட்டன் விற்ற நீன் எஞ்சினைப் பார்த்துச் செய்த எஞ்சினும், 35 பாகை பின்சாய்ந்த இறக்கையும் கொண்டு, 1950 நவம்பரில் கொரிய வானில் அமெரிக்க விமானிகளைத் திகைக்க வைத்தது உண்மைதான். ஆனால் ஒலிவேகத்தின் 0.92 பங்கைத் தொட்டதும் அதன் வேகத்தடைப் பலகைகள் தாமாகவே விரிந்துகொள்ளும். அதற்கு மேல் போனால் விமானி கட்டுப்பாட்டை இழந்துவிடுவார் என்பதால் அப்படி அமைத்திருந்தார்கள். இவ்வளவு கவனமாக ஒலிக்கு இப்பால் நிறுத்தப்பட்ட விமானத்துக்கு அப்பால் போனதாகப் பட்டம் கட்டுகிறார்கள். எழுதியவர் மனத்தில் மிகையொலி என்பது ஜெட் என்பதற்கு மற்றொரு பெயராக மாறிவிட்டிருக்கிறது. இரைச்சலோடு பறப்பது என்றுதானே அந்தச் சொல் அவருக்கும் சொல்லியிருக்கிறது?

உக்ரைன் போர்ச் செய்திகளில் இது முற்றிவிட்டது. ‘மிகையொலி விமானமான மிக்-31இலிருந்து மிகையொலி ஏவுகணை வீசப்பட்டது’ என்று ஒரே வாக்கியத்தில் வருகிறது. விமானம் சூப்பர்சானிக், ஏவுகணையோ ஹைப்பர்சானிக், அதாவது ஒலியின் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகம் கொண்டதாகச் சொல்லப்படுவது. செய்தியே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அதைத் தமிழில் படிப்பவர் மட்டும் தெரிந்துகொள்ள வழியில்லை. இப்படி எழுதுவதைவிடச் சூப்பர்சானிக் என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம். தூய தமிழ் என் விருப்பம்தான். ஆனால் பொருளைத் தொலைத்துவிட்டு வரும் தூய்மையை நான் ஏற்கமாட்டேன்.

சரியான சொல் எது? ரஷ்யர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது உதவும், ஏனென்றால் இந்த விமானங்களைக் கட்டியவர்கள் அவர்கள். ‘ஸ்வூக்’ என்றால் அவர்கள் மொழியில் ஒலி. அதன் முன்னால் ‘வரை’ என்ற பொருள் தரும் ‘டோ’வைச் சேர்த்து, ஒலிக்கு இப்பால் என்று ஒரு சொல், ‘மேல், அப்பால்’ என்ற பொருள் தரும் ‘ஸ்வெர்ஹ்’ சேர்த்து, ஒலிக்கு அப்பால் என்று மற்றொரு சொல். இரண்டும் அவர்கள் வீட்டுச் சொற்கள். ஸ்கேனில் பயன்படும் அலைக்கு மட்டும் ‘உல்த்ராஸ்வூக்’ என்று இலத்தீன் முன்னொட்டை வைத்துப் பிரித்துவிட்டார்கள். குழப்பத்துக்கு இடமே இல்லை.

வேகத்தில் ஒன்றை மற்றொன்று கடப்பதற்குத் தமிழில் உள்ள வினை முந்துதல். ஓட்டப்பந்தயத்திலும் முந்துகிறோம், சாலையில் லாரியையும் முந்துகிறோம். ஒலியை முந்துகிற விமானம் ஒலிமுந்து விமானம். ‘முந்து விமானம்’ வினைத்தொகை. முந்திய, முந்துகிற, முந்தும் என்று மூன்று காலத்தையும் உள்ளே வைத்திருக்கிறது. இது இங்கே மிகவும் பொருந்துகிறது. எந்தப் போர்விமானமும் பறக்கிற நேரமெல்லாம் ஒலியை முந்திக்கொண்டிருப்பதில்லை. மிக்-21 அந்த வேகத்தைத் தொட வேண்டுமானால் எஞ்சினின் பின்பகுதியில் கூடுதலாக எரிபொருளைப் பீய்ச்சி எரிக்க வேண்டும்; தொட்டி விரைவிலேயே காலியாகிவிடும். முந்த வல்லது என்பதுதான் அதன் தகுதி. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் நீர்மூழ்கி, இடிதாங்கி, ஒலிபெருக்கி போல ஒலிமுந்தி என்று சொல்லலாம். கேட்ட உடனே பொருள் விளங்குகிறது. அண்ணன் மகனிடம் இந்தச் சொல்லை மட்டும் சொல்லி விளக்கம் தராமல் விட்டேன். “சத்தத்தைவிட வேகமாகப் போகுமா?” என்றான்.

‘ஒலிவிஞ்சு’ என்றும் ஆக்கலாம். விஞ்சுதல் அளவிலும் திறமையிலும்கூட வரும், முந்துதல் என்றதும் வேகமே முதலில் தோன்றும் என்பதால் என் தேர்வு முந்துதான்.

இந்திய விமானப்படையில் 28ஆம் ஸ்குவாட்ரன் என்று ஒன்று உண்டு. 1963இல் சண்டிகரில் மிக்-21ஐ முதன்முதலில் ஏற்றுக்கொண்ட படைப்பிரிவு அது. இந்த நாட்டின் முதல் ஒலிமுந்து படைப்பிரிவு என்ற பெருமையால் ‘ஃபர்ஸ்ட் சூப்பர்சானிக்ஸ்’ என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அதை ‘முதல் மிகையொலிகள்’ என்று பெயர்த்தால் அந்தப் பெருமை எங்கே போகும்? ‘முதல் ஒலிமுந்திகள்’ என்று எழுதிப் பாருங்கள், அந்த விமானிகள் எதற்காக நெஞ்சு நிமிர்த்தினார்கள் என்பது தெரியும். பரேலியில் மிக்-25 உளவு விமானங்களை இயக்கிய 102ஆம் ஸ்குவாட்ரனின் பெயர் ‘டிரைசானிக்ஸ்’. ஒலியின் மும்மடங்கை நெருங்கும் விமானத்துக்கு அந்தப் பெயர் பொருத்தம். இதற்கு இணையான ஒற்றைச் சொல் இன்னும் எனக்கு அகப்படவில்லை. ஹைப்பர்சானிக்குக்கும் அப்படியே, ‘ஒலியை ஐந்து மடங்குக்கு மேல் முந்தும்’ என்று விரித்தே எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் பொய்யில்லை.

மொழிபெயர்ப்பவர்களுக்கு நடைமுறையில் பயன்படும் செய்தி ஒன்று. ஒலிவேகம் என்பது மாறாத எண் அல்ல, காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 15 பாகை செல்சியஸில் கடல் மட்டத்தில் மணிக்கு சுமார் 1,225 கிலோமீட்டர். 11,000 மீட்டர் உயரத்தின் கடுங்குளிரில் சுமார் 1,060. எனவே ‘மணிக்கு 1,100 கிலோமீட்டர்’ என்ற எண்ணைப் பார்த்ததும் அடைமொழி போடாதீர்கள். எந்த உயரத்தில் என்று பாருங்கள். மிக்-15, மிக்-17 இரண்டும் ஒலிக்குட்பட்டவை. 1955இல் படையில் சேர்ந்த மிக்-19தான், சோவியத்தில் பெருமளவில் கட்டப்பட்டவற்றில், கீழ்நோக்கிப் பாயாமல் நேராகப் பறந்தே ஒலியை முந்திய முதல் விமானம். மிக்-21, 23, 25, 27, 29, 31 எல்லாம் ஒலிமுந்து விமானங்கள். எண் கூடக்கூட வேகம் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆப்கானிஸ்தானின் மலைகளுக்கிடையே தரைப்படைக்குத் துணையாகப் பறந்த சுகோய்-25, மிக்-21க்குப் பல ஆண்டுகள் பின்னால் வந்தது. தரையில் உள்ள இலக்கைக் கண்டு தாக்குவதற்காகவே ஒலிக்குட்பட்ட விமானமாக அமைக்கப்பட்டது.